மேட்டுப் பக்கம் சாயும் ரோஜாக்கள்

ஆர்டிஸ் டோலஃப்சன் வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்தால், காப்பிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில், கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஓரமெல்லாம் எண்ணெய் ஏறி மஞ்சளாகிப்போன தாள். தண்ணீர்க் குழாயை வடித்துச் சுருட்டு. மழைப் பீப்பாயைக் கவிழ்த்து வை. டாலியாப் பூச்செடி கறுத்ததும் கிழங்கைத் தோண்டு. பூண்டு நடு. இலையை மூட்டை கட்டு. கடைசியாக, ரோஜாக்களைப் படுக்க வை. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் பென்சில் குறிகள், வருஷத்துக்கு ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். அந்த வருஷம் கடைசி வரிக்கு மட்டும் குறி விழாமலே அக்டோபர் முடிந்துவிட்டது.

நான் எதிர்வீட்டுக்காரி, வாண்டா. சிகாகோவில் ஒன்பது பேர் ஒரே நேரத்தில் கத்திப் பேசும் குடும்பத்தில் பிறந்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு, வடக்கே கப்பல் ஓடும் பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத்துக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஊர்க் குளிர் எனக்கு ஒரே வருஷத்தில் பழகிவிட்டது. இந்த ஊர்க்காரர்களின் வாய்தான் இன்னும் பழகவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்டால்தான், "சரி, ஒரு வாய், உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா" என்பார்கள். தட்டில் கடைசித் துண்டு இனிப்பு இருந்தால் உயிரே போனாலும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் அதைப் பாதியாக வெட்டி எடுப்பார். மிச்சப் பாதியைப் பாதியாக்கி இன்னொருவர் எடுப்பார். கடைசியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்று தட்டில் அநாதையாகக் கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த விஷயத்தில் ஆர்டிஸை மிஞ்ச ஊரிலேயே ஆள் கிடையாது. பால் பண்ணையில் ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் உருளைக்கிழங்கு மசித்தவள். கணவன் லோவல் ஐம்பத்தைந்து வயதில் மாரடைப்பில் போனபோது, சவ அடக்கத்தன்று எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "மோசமில்ல" என்று பதில் சொன்னாள். அதற்கு அப்புறம் பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மோசமில்லைதான். அந்த அக்டோபர் ஒன்பதாம் தேதி, ஈர இலையில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பத்துக்கு எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டாள். "மத்தவங்களுக்கு இதைவிட ஜாஸ்தியா வலிக்கும், அவங்களைப் பாருங்க" என்றாளே பார்க்கலாம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "பத்துன்னு எழுதுங்கம்மா" என்று நான்தான் சொன்னேன்.

அவளுக்குப் பதினான்கு ரோஜாச் செடிகள். எங்கள் ஊர்க் குளிரில் அந்த ஜாதி ரோஜா நின்ற நிலையில் பிழைக்காது. அதனால் பனிக்காலம் வருமுன் செடியின் கிளைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, ஒரு பக்கம் பள்ளம் வெட்டி, மறுபக்கம் வேரை இளக்கி, செடியை அப்படியே மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். அப்புறம் மண்ணுக்கு மேல் இலை மூட்டைகள். அதற்கு மேல் ஐந்து மாதம் பனி. ஏப்ரல் நடுவில் தோண்டி நிமிர்த்தினால் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து நிற்கும். ஆர்டிஸ் இதைச் செய்யும்போது பார்க்க வேண்டும். ஒரு கை அடித்தண்டில், ஒரு கை கிளைக்கட்டில், காதோடு ஏதோ சொல்லுகிற மாதிரி குனிந்து, அவசரமே இல்லாமல் சாய்ப்பாள். ஜனவரியில் ஜன்னலோரம் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, வெளியே ஒன்றுமே இல்லாத வெள்ளையைப் பார்த்து, "அதுங்க இப்ப என்ன கனா காணுதுங்களோ" என்பாள். வருஷத்தில் அவள் பேசுகிற ஒரே வேண்டாத பேச்சு அது. அதைக் கேட்கவே நான் ஜனவரியில் அங்கே போவேன்.

எங்கள் தெரு மலைச்சரிவில் ஏரியைப் பார்த்து இறங்குகிறது. ஆர்டிஸ் வீட்டுக்கு அடுத்த வீடு, பள்ளத்துப் பக்கம், வெர்லின் ஹூஸ்பியுடையது. துறைமுகத் தூக்குப் பாலத்தை ஏற்றி இறக்கும் வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. பதினோரு வருஷத்துக்கு முன் தனி ஆளாகக் குடிவந்தார். கப்பல் ஏரியிலிருந்து ஒரு நீளம், இரண்டு குட்டை என்று ஊதினால், பாலம் அதே மாதிரி ஊதிப் பதில் சொல்லும். அந்தப் பதிலைச் சொன்ன கை அவருடையது. கப்பல் கூப்பிடாமல் பாலம் தானாக ஊதுகிற வழக்கம் இல்லை. அவர் சுபாவமும் அப்படியே அமைந்துபோனது.

பதினோரு வருஷமாக இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடப்பதைச் சொன்னால் என் சிகாகோ அக்காமார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பனி கொட்டிய காலையில் ஆர்டிஸ் எழுந்து பார்த்தால் அவள் வாசல் சுத்தமாக வாரியிருக்கும். யார் வாரியது என்று யாரும் கேட்பதில்லை. மத்தியானம் வெர்லின் வீட்டுப் படியில் மூடி போட்ட பாத்திரத்தில் பட்டாணி சூப் இருக்கும். யார் வைத்தது என்று அவரும் கேட்பதில்லை. பாத்திரம் கழுவித் துடைத்து அவள் படியில் திரும்பி இருக்கும். வேலியோரம் பார்த்துக்கொண்டால் வானிலை பேசுவார்கள். அவ்வளவுதான். கப்பலும் பாலமும்கூட ஒன்றையொன்று கூப்பிட்டுப் பேசிக்கொள்கிற ஊரில் இந்த இரண்டு பேருக்கும் வாயில் என்ன கொழுக்கட்டை என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

இந்த நிலையில்தான், தெற்கே பாலைவன ஊரான டூசானில் இருக்கும் வெர்லினின் மகள் கேரின், அப்பாவைத் தன்னோடு கூப்பிட்டுக்கொள்ள டிக்கெட் எடுத்துவிட்டாள். நவம்பர் முதல் சனிக்கிழமை. "குளிர்காலத்துக்கு மட்டும்தான்" என்று வெர்லின் எல்லாரிடமும் சொன்னார். வீடு விற்கிற பெண்மணி ஒருத்தி வந்து வீட்டைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். ஆர்டிஸும் பார்த்தாள். அன்று என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, வெகு நேரம் கழித்து, "டூசான்ல ரோஜா வருமா?" என்று கேட்டாள்.

"அடியே, போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லேண்டி. வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"அவருக்கு அங்க நல்லா இருக்கும். முழங்காலுக்கு வெயில் நல்லது."

"உனக்கு?"

"எனக்கு மோசமில்ல" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதையும் ஜன்னல் வெளிச்சத்தின் மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மாதம் முழுக்க மூடுபனி. காலையில் ஏரியிலிருந்து ஏறி வந்து தெருவைப் பாதியில் அழித்துவிடும். மேப்பிள் மரங்களின் இலை காற்றே இல்லாமல் ஒவ்வொன்றாக விழும். ஆர்டிஸ் கட்டுப்போட்ட கையோடு, மறு கையால் கறுத்துப்போன டாலியாத் தண்டுகளை ஒடித்துக்கொண்டு அந்தப் புகைக்குள் போவதும் வருவதுமாக இருப்பாள். கிழங்கு தோண்ட நான் போனேன். பூண்டை அவளே இடது கையால் நட்டாள். ரோஜாவுக்கு மட்டும் இரண்டு கையும் முதுகும் வேண்டும். ஆள் பிடிக்கட்டுமா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "பார்த்துக்கலாம்" என்றாள். காப்பிக்குத்தான் மூன்றாவது தடவை சரி என்பார்கள், உதவிக்குக் கிடையாது. பதினான்கு செடிகளும் நனைந்துகொண்டு நின்றன. நானும் ஜன்னலில் நின்று, எது நிஜம் எது பனி என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் அவை நடந்து வேலியோரம் போய்விட்ட மாதிரிகூட இருக்கும்.

சனிக்கிழமைப் பயணத்துக்கு முந்தின ஞாயிறு. ஆர்டிஸ் தேவாலயத்துக்குப் போனாள். அன்று பூசை முடிந்து பெரிய விருந்து, அவள் திரும்ப மாலை நாலரை ஆகும். அவளை ஏற்றிக்கொண்ட தேவாலயத்துக் கார் தெருமுனையைத் தாண்டியதும் வெர்லின் மண்வெட்டியோடு வந்தார். என் கதவைத் தட்டி, காதும் காதும் வைத்த மாதிரி, "அவங்க வர்றப்ப எனக்கு ஒரு குரல் கொடுக்க முடியுமா வாண்டா? உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா" என்றார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"சும்மா. மண்ணு வேலை."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுபத்தொரு வயதில், நாற்பது வருஷ முழங்கால் வலியோடு, அந்த மனுஷன் ஆறு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து பதினான்கு செடிகளையும் படுக்கவைத்து மூடினார். நான் நடுவில் ரொட்டியும் வான்கோழி இறைச்சியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் தடவை சாப்பிட்டார். மேடுகள் வரிசையாக, கோணல் இல்லாமல், போர்வை போர்த்திப் படுத்திருக்கிற குழந்தைகள் மாதிரி இருந்தன. போய்விட்டு வருகிறேன் என்று இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டேன். தேவாலயத்துக் கார் தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டதும் குரல் கொடுத்தேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

ஆர்டிஸ் இறங்கி வந்தவள் தோட்டத்தைப் பார்த்து நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் வெர்லின் ஏதோ கொடியைச் சரிசெய்வது போலப் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"அடடே" என்றாள் ஆர்டிஸ். "யாரோ ரொம்ப நேர்த்தியா பண்ணியிருக்காங்க."

"அப்படியா" என்றார் வெர்லின். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"ரொம்ப நேர்த்தி. அவங்க நல்லா இருக்கட்டும்."

நேராக என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "வாண்டா, எல்லாத்தையும் பள்ளத்துப் பக்கம் சாய்ச்சிருக்கார்" என்றாள்.

எனக்குப் பூச்செடியே ஆகாது, அதனால் முதலில் புரியவில்லை. அவள் சொல்லிப் புரிந்தது. சரிவில் இருக்கிற செடியை மேட்டுப் பக்கமாகத்தான் சாய்க்க வேண்டும். சாயும் தூரம் குறைவு, தண்டுக்கு வலிக்காது. வருஷா வருஷம் மேட்டுப் பக்கமே சாய்த்துச் சாய்த்து வேர் அந்தப் பக்கம் மடங்கப் பழகியிருக்கிறது. முழங்கால் ஒரு பக்கம்தானே மடங்கும்? எதிர்ப்பக்கம் தள்ளினால் தண்டும் வேரும் சேர்கிற ஒட்டு விரிந்துபோகும், விரிந்த இடத்தில் குளிர் இறங்கினால் செடி செத்துவிடும். வியாழக்கிழமையிலிருந்து கடும் உறைபனி என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தான். மண் இறுகிவிட்டால் அப்புறம் ஏப்ரல் வரைக்கும் மண்வெட்டி இறங்காது.

"சொல்லிடு" என்றேன்.

"எப்படிச் சொல்றது? ஆறு மணி நேரம் பாடுபட்டிருக்கார். போகப்போற மனுஷன் கிட்ட, நீங்க பண்ணினது தப்புன்னு சொல்லி அனுப்பறதா?"

"அப்ப செடி?"

அந்தச் செடிகளை அவள் எப்படி வளர்த்தாள் என்று எனக்குத் தெரியும். ஒரு மனுஷனின் மனது நோகக்கூடாது என்று பதினான்கையும் சாகவிடத் தயாராக உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, பிடித்து உலுக்கவும் தோன்றியது.

யோசித்து யோசித்து நாங்கள் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கே வெட்கம். செவ்வாய்க்கிழமை காலையில் வெர்லின் பழைய பாலத்து நண்பர்களோடு காப்பி குடிக்கப் போவார், பதினொன்றுக்குத்தான் திரும்புவார். அதற்குள் நான் தோண்டி, அவள் சொல்லச் சொல்ல மறுபக்கம் சாய்த்து, மேட்டைப் பழையபடியே போட்டுவிடுவது. தெரியாமல் செய்த உதவியைத் தெரியாமலே திருத்துவது. முப்பத்திரண்டு வருஷத்தில் நானும் இந்த ஊர்க்காரியாகிவிட்டேன் போல.

செவ்வாய்க்கிழமை மூடுபனி கெட்டியாக இருந்தது. கீழே எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது, பாலம் பதில் ஊதியது. என் மண்வெட்டி மண்ணைத் தொடுகிற சத்தம் மட்டும் பக்கத்தில். முதல் செடியைத் தோண்டி எடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. "மெதுவா, மெதுவா, அதுக்குத் தூக்கம் கலைஞ்சிடும்" என்றாள் ஆர்டிஸ். இரண்டாவது செடி. மூன்றாவதில் பனி சற்றே விலகியது. நிமிர்ந்து பார்த்தால் வெர்லினின் கார் அவர் வாசலில் நிற்கிறது. எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. அவர் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். என் கையில் மண்வெட்டி. பக்கத்தில் அவர் அழகாகப் போட்ட மேடுகள் மூன்று பிய்ந்து கிடக்கின்றன.

வேறு எந்த ஊரிலும் ஒரு மனுஷன் ஜன்னலைத் திறந்து, "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்பான். சிகாகோவாக இருந்தால் கெட்ட வார்த்தையும் சேர்ந்து வரும். வெர்லின் ஜன்னல் திரையை மெதுவாக, சத்தமே வராமல், கீழே இழுத்து மூடினார். நாங்கள் கூச்சப்படக்கூடாதாம்.

அந்தத் திரை இறங்குவதை ஆர்டிஸ் முழுவதும் பார்த்தாள். அவள் முகம் அப்படி ஆனதை நான் லோவலின் அடக்கத்தன்றுகூடப் பார்த்ததில்லை. விடுவிடுவென்று சரிவில் இறங்கிப் போய், இடது கையால் அவர் கதவைத் தட்டினாள். நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க முடியுமா?

கதவைத் திறந்த வெர்லின் முதலில் சொன்னது, "நான் ஒண்ணும் பார்க்கல ஆர்டிஸ்."

"வெர்லின், நீங்க தப்பான பக்கம் சாய்ச்சிட்டீங்க."

என் கையிலிருந்த மண்வெட்டி நழுவிப் படியில் விழுந்தது. அறுபத்தேழு வயதில் ஆர்டிஸ் டோலஃப்சன் முதல் தடவையாக ஒருவரிடம், முகத்துக்கு நேராக, தப்பு என்று சொல்லியிருக்கிறாள்.

"மேட்டுப் பக்கம்தான் சாய்க்கணும்" என்று அவளே தொடர்ந்தாள். "வேர் அப்படித்தான் பழகியிருக்கு. இப்படியே விட்டா எல்லாம் போயிடும். நாளன்னிக்கு மண்ணு இறுகிடும். நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா தப்பு, வெர்லின்."

அவர் குனிந்து தன் காலிலிருந்த வீட்டுச் செருப்பைப் பார்த்தார். அப்புறம், "பூட்ஸ் போட்டுட்டு வரேன்" என்றார்.

மூன்று பேருமாகச் சேர்ந்து தோண்டினோம். தோண்டினோம் என்றால், அவர் தோண்டினார், நான் மண்ணைத் தள்ளினேன், அவள் அதட்டினாள். "அங்க இல்ல, அடியில பிடிங்க. கிளையைப் பிடிச்சு இழுக்காதீங்க. உங்க பாலத்து இரும்பா அது?" என்று அவள் சொல்லச் சொல்ல, எனக்குக் கேட்பது கனவா என்று இருந்தது. வெர்லின் "சரிங்க", "சரிங்க" என்று வேலை செய்தார். திட்டு வாங்குகிற மனுஷன் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. பதிமூன்று செடிகளும் ஒட்டு விரியாமல் பிழைத்திருந்தன. ஒவ்வொன்றாகத் திரும்பி மேட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்தன.

பதினான்காவது, வேலியோரத்து மஞ்சள் ரோஜா. வெர்லின் மண்ணை விலக்கினதும் ஆர்டிஸ் சட்டென்று முன்னால் வந்து நின்று மறைத்தாள். "அது இருக்கட்டும். அதை விட்டுடுங்க" என்றாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். ஒட்டில் முழுசாக முறிந்து, பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் ஈர மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருஷம் பக்கத்து வீட்லயே இருந்திருக்கேன். எந்தப் பக்கம் சாய்ப்பீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் சரியா பார்த்ததே இல்ல ஆர்டிஸ். நீங்க தோட்டத்துல இருக்கறப்ப நான் திரையைப் போட்டுடுவேன். ஒரு பொம்பளை வேலை செய்யறதை உத்துப் பார்க்கறது மரியாதை இல்லையேன்னு."

"பார்த்திருக்கலாமே" என்றாள் ஆர்டிஸ்.

அவர் தலைநிமிர்ந்தார்.

"அந்தச் செடியை நீங்க குடிவந்த வருஷம்தான் வெச்சேன். வெயில் இங்க நல்லா விழாது, நடுவுல வெச்சிருந்தா இன்னும் நல்லா பூத்திருக்கும். உங்க ஜன்னலுக்கு நேரா இருக்கட்டும்னுதான் இங்க வெச்சேன்."

எனக்கு இது தெரியாது. எதிர்வீட்டு ஜன்னலில் இருந்துகொண்டு இந்தத் தெருவின் தும்மல் வரைக்கும் கணக்கு வைத்திருக்கிற எனக்கு, பதினோரு கோடை அந்த மஞ்சள் பூ எதற்காக அங்கே பூத்தது என்று தெரியவில்லை. வாயைத் திறக்காதவர்கள் என்று இவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவள் வருஷா வருஷம் ஜூனில் அந்த ஜன்னலுக்கு நேராகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுதால் தெருவுக்கே கேட்கும், அதனால் குனிந்து மண்ணை அள்ளினேன்.

வெர்லின் முறிந்த கிளைக்கட்டை எடுத்து வேலியோரம் வைத்தார். குழியில் வேர்க்கட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. "அதையும் மூடிடுங்க" என்றாள் ஆர்டிஸ். "வேர் உசிரோடதான் இருக்கு." அவர் அதன் மேலும் மண் போட்டு, மற்ற மேடுகளைப் போலவே தட்டிச் சமன் செய்தார்.

ஆர்டிஸின் சமையலறையில் காப்பி கொதித்தது. வெர்லினிடம் காப்பி வேண்டுமா என்று ஆர்டிஸ் ஒரு தடவைதான் கேட்டாள், அவரும் முதல் தடவையே சரி என்றார். ஊர் வழக்கம் கெட்டுப்போனதை நான் ரகசியமாகக் குறித்துக்கொண்டேன். தட்டில் பேரீச்சம்பழ இனிப்பு நான்கு துண்டு இருந்தது. ஆளுக்கு ஒன்று போக ஒன்று மிஞ்சியது. மூன்று பேரும் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. வீடு எங்கேயோ மிதந்துகொண்டிருப்பது போல இருந்தது. வெர்லினின் நகக் கண்களில் மண்.

கீழே ஏரியில் ஒரு கப்பல் ஊதியது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

"போகாதீங்க வெர்லின்" என்றாள் ஆர்டிஸ்.

பாலம் பதில் ஊதியது. அது அடங்குகிற வரைக்கும் அவர் காத்திருந்தார், அவ்வளவு வருஷப் பழக்கம். அப்புறம் கையை நீட்டித் தட்டிலிருந்த கடைசித் துண்டை எடுத்தார். வெட்டவில்லை. பாதியாக்கவில்லை. முழுசாக எடுத்து, நிதானமாக மென்று, விரலில் ஒட்டிய தூளைக்கூட விடாமல் சாப்பிட்டு முடித்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த ஊரில் ஒருவர் கடைசித் துண்டைச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உங்க போன்ல பேசிக்கலாமா?" என்று கேட்டார். ஆர்டிஸ் தலையை ஆட்டினாள். சுவரில் இருந்த போனில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மகளின் எண்ணைச் சுற்றினார்.

"கேரின், அப்பா பேசறேன். சனிக்கிழமை நான் வரலம்மா. இல்ல இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. இங்க வேலை இருக்கு. இலை மூட்டை எல்லாம் ஏத்தணும். அப்புறம் ஏப்ரல்ல ரோஜாவை எழுப்பணும்." அந்தப் பக்கம் கேரின் ஏதோ கேட்டாள். "எத்தனையா? பதிமூணு."

"பதினாலு" என்றாள் ஆர்டிஸ். அவள் அலமாரிக் கதவைத் திறந்து, இடது கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிக்குப் பக்கத்தில் கோணலாக ஒரு குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

வெர்லின் அவளைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு போனில், "பதினாலாம்மா" என்று திருத்திச் சொன்னார்.